துணைவியார் விவரம்

லிஃப்ட்காரருக்குக் கெட்ட காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்திருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். மனிதர் படுக்கவில்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

அதற்குக் காரணம் மகள். பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள், தனியாக வீடு எடுத்திருக்கிறாள், விடுமுறை நாளில் வந்து அப்பாவின் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவாள். அன்று பெருமூச்சோடு நிற்கவில்லை. இந்த வயதில் லிஃப்ட் ரிப்பேர் என்று கூண்டின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு இருட்டுக்குள் கயிறு பார்க்கிறீர்கள், உங்கள் பேரில் ஒரு இன்சூரன்ஸ் கூடக் கிடையாது, நாளைக்கு ஏதாவது ஆனால் நான் யாரிடம் போய் நிற்பேன் என்று கேட்டாள். போன வருடம்தான் அம்மாவைப் பறிகொடுத்தவள். அவள் பயந்ததில் ஒரு தப்பும் இல்லை.

ஃபோனில் தேடியதும் முதலில் வந்தது ஒரு கரடி. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கும் கரடி. எல்லாக் கம்பெனிகளின் விலையையும் ஒப்பிட்டுச் சொல்லும் தளமாம், இரண்டே நிமிடமாம், இலவசமாம். வாய்க்கு வந்ததை அளப்பவனைக் கரடி விடுகிறான் என்று ஊரெல்லாம் சொல்வது அந்தக் கம்பெனியின் காதில் மட்டும் விழவில்லை போலிருக்கிறது. கரடியின் காலடியில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். 'உங்கள் தகவல் எங்களிடம் பத்திரம்.'

இந்தப் பூட்டில்தான் லிஃப்ட்காரர் விழுந்தார். வேறு யாராவது இருந்தால் ஒரு நொடி யோசித்திருப்பார்கள். அவருடைய தொழிலில் யோசிக்க இடமில்லை. கதவு பூட்டியிருக்கிறது என்று விளக்கு காட்டினால் பூட்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த விளக்கு பொய் சொன்னால் ஆள் செத்துப்போவான். ஆயுசு முழுக்க அந்த விளக்கை நம்பியே லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறியவர், பூட்டைப் பார்த்ததும் உள்ளே இறங்கிவிட்டார்.

பெயர், வயது, தொழில் எல்லாம் சரசரவென்று போயின. பிறகு அந்தக் கேள்வி வந்தது. 'திருமணமானவரா? ஆம் / இல்லை.' மூன்றாவதாக ஒரு கட்டம் கிடையாது. மனைவி செத்துப்போகிற வழக்கம் உலகத்தில் உண்டு என்பதைக் கரடிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லிஃப்ட்காரரின் விரல் 'இல்லை' வரை போனது. போய் அங்கேயே நின்றது. அதை அமுக்கினால் அவள் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அவ்வளவு பெரிய பொய்யை ஒரு கரடியிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. 'ஆம்' என்று அமுக்கினார்.

'துணைவியார் விவரம்' என்று ஒரு பக்கம் விரிந்தது.

என்ன உயரம்? நன்றாகத் தூங்குவாரா? எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்? படியேறினால் மூச்சு வாங்குமா? அடிக்கடி கவலைப்படுவாரா? மனம்விட்டுச் சிரிப்பாரா? லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் போனதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் அவரிடம் எப்படிச் செத்தாள் என்றுதான் கேட்டார்கள். எப்படி இருந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது இந்தக் கரடிதான். இடது பக்கம் திரும்பிப் படுப்பாள், படியேறும்போது பாடுவாள், சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். 'தற்போது ஏதேனும் நோய் உண்டா?' என்ற இடத்தில் சற்றுத் தயங்கினார். யோசித்துப் பார்த்தால், தற்போது எந்த நோயும் இல்லைதான். 'இல்லை' என்று நேர்மையாகவே அமுக்கினார்.

கடைசியில் பெரிய கட்டம் ஒன்று. 'உங்கள் துணைவியாரைப் பற்றி வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' வேலை முடிந்து வந்து நான் ஷூவைக் கழற்றுவதற்குள், சமையலறையிலிருந்தே 'இன்னைக்கு மேலயா, கீழயா?' என்று கேட்பாள் என்று எழுதினார். நல்ல நாள் என்றால் மேல என்பேன், மோசம் என்றால் கீழ, இரண்டும் இல்லை என்றால் 'நடுவுல நிக்குது' என்பேன், அப்படிச் சொன்னால் டீ கொஞ்சம் பெரிய கப்பில் வரும். இதையும் எழுதினார். அதை வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை. வீட்டுக்குள் மூன்று பேருக்குத் தெரிந்த வார்த்தை அது.

குழந்தைகள் விவரம் என்று அடுத்த பக்கம் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. 'பிறகு சேர்க்கலாம்' என்று இருந்ததை அமுக்கிவிட்டு முடிவைப் பார்த்தார். அவருக்குச் சிவப்பு நிறம்: ஆபத்து அதிகம், தொழில் மோசம், ரத்த அழுத்தம் உண்டு. மனைவிக்குப் பச்சை. கவலையில்லை, நோயில்லை, தூக்கத்துக்குக் குறைவில்லை. வைர வாடிக்கையாளர் என்று போட்டுக் கரடி கைதட்டியது.

ஃபோனைக் கீழே வைக்கும் முன்பே அது அடித்தது.

அம்மாவிடம் பேச வேண்டும் என்றார்கள். மெத்தைக் கம்பெனி. இடது பக்கம் படுப்பவர்களுக்கென்றே ஒரு மெத்தை வந்திருக்கிறதாம். அடுத்தது உடற்பயிற்சிக் கூடம். அடுத்து தம்பதிகளுக்கான கப்பல் பயணம். பிறகு பாட்டு வகுப்பு: படியேறும்போது பாடுகிறவர் உட்கார்ந்து பாடினால் எங்கேயோ போய்விடுவார் என்றார்கள். அவள் இறந்துவிட்டாள் என்று லிஃப்ட்காரர் மெத்தைக்காரரிடம் பொறுமையாகச் சொன்னார். "ரொம்ப வருத்தம் சார்," என்றார் அவர். "எப்ப கூப்பிட்டா அவங்களுக்கு வசதியா இருக்கும்?"

சவ அடக்கத்துக்கு முன்பதிவு செய்யும் கம்பெனியும் கூப்பிட்டது. இவ்வளவு ஆரோக்கியமானவர் இப்போதே பதிந்துகொண்டால் தள்ளுபடி உண்டு என்று ஒரு இளைஞன் குழைந்தான். எல்லாம் ஆகிவிட்டது என்றார் லிஃப்ட்காரர். எந்தக் கம்பெனியில், எங்களைவிடக் குறைத்துக் கொடுத்தார்களா என்று அவன் கவலையோடு விசாரித்தான்.

வேலையிடத்திலும் விடவில்லை. குழிக்குள் நின்று லிஃப்டின் எதிர் எடைக்கு அடியில் கிரீஸ் தடவிக்கொண்டிருப்பார், சட்டைப்பையில் அவளைக் கேட்டு ஃபோன் அடிக்கும். அந்த இருட்டில், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, முன்பின் தெரியாத ஒரு குரல் அவளை நலம் விசாரிக்கும். ஆனாலும் அடுத்த அழைப்பையும் எடுப்பார். எடுக்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

ஏனென்றால், அந்தக் குரல்களில் ஒன்று நல்ல குரல். கரடியின் தகவல் சரிபார்ப்புப் பிரிவில் இருந்து வாரம் ஒருமுறை ஒரு பெண் கூப்பிடுவாள். பதறாமல் பேசுவாள். உங்கள் துணைவியார் காலையில் இப்போதும் ரேடியோ கேட்கிறாரா என்பாள். கேட்கிறாள் என்பார் இவர். வெள்ளைப் புடவையே உடுத்த மாட்டார் இல்லையா என்பாள். மாட்டாள், பச்சைதான் பிடிக்கும் என்பார். அந்தக் கால்மணி நேரம் அவள் உயிரோடு இருந்தாள். அந்தக் குரலுக்காக மனிதர் சவரம் செய்துகொண்டு உட்கார ஆரம்பித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி வரும்: குழந்தைகள் உண்டா? அதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தட்டிக்கழிப்பார். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டால் அவள் எதற்குக் கூப்பிடப் போகிறாள்?

இப்படி அவர் சொல்லச் சொல்லக் கரடி வாங்கி வைத்துக்கொண்டது. வாங்கியதை ஒருநாள் திருப்பிக் கொடுத்தது.

வேலை முடிந்து வந்து ஒரு ஷூவைக் கழற்றியிருந்தார். ஃபோன் அடித்தது. எடுத்தால் பதிவு செய்த பெண்குரல். "இன்னைக்கு மேலயா, கீழயா?"

அவள் குரல் இல்லை. அதுவரைக்கும் புண்ணியம். ஆனால் வார்த்தை அவளுடையது, நேரமும் அவளுடையது. லிஃப்ட்காரர் ஒற்றை ஷூவோடு நின்றார். சமையலறைப் பக்கம் அவர் தலை தானாகத் திரும்பியது. அங்கே விளக்கு எரியவில்லை. "நடுவுல நிக்குது," என்றார்.

"மன்னிக்கவும், உங்கள் பதில் புரியவில்லை," என்றது குரல். "மேல என்றால் ஒன்றை அமுக்கவும். கீழ என்றால் இரண்டை அமுக்கவும். உங்கள் மனநிலைக்கேற்ற திட்டங்கள் காத்திருக்கின்றன."

அது தினமும் அதே நேரத்துக்கு வர ஆரம்பித்தது. மகளிடம் சொல்லத் துணிச்சல் இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த விடுமுறை நாளில், அவர் குளித்துக்கொண்டிருந்தபோது ஃபோனை அவள்தான் எடுத்தாள். துண்டோடு வெளியே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில், அந்தக் கடைசி நாளில், வராந்தாவில் பார்த்த அதே முகம்.

"அம்மா கேக்கறதை யாருக்குப்பா கொடுத்தீங்க?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னார். பூட்டுப் படத்தைச் சொன்னார், மூன்றாவது கட்டம் இல்லாததைச் சொன்னார், சவரம் செய்துகொண்டதை மட்டும் விட்டுவிட்டார். மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"அந்த வார்த்தை உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்ல," என்றாள். "நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அது நிக்கற வரைக்கும் நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

கொண்டுவந்த காய்கறியை ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டுத்தான் போனாள். அது இன்னும் வலித்தது. மனைவியைத்தான் விட்டுவிட்டோம், மிச்சமிருந்த ஒருத்தியையும் நம் வாயாலேயே துரத்திவிட்டோம் என்று அவர் அன்று இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார். மறுநாள் லீவு போட்டுவிட்டு, மனைவியின் இறப்புச் சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு, கரடியைத் தேடிக் கிளம்பினார்.

கண்ணாடிக் கட்டடம். லிஃப்ட் தரைமட்டத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது. பிரேக் லைனிங் தேய்ந்திருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை. வரவேற்பறையில் ஆள் உயரக் கரடி பொம்மை ஒன்று கையில் நிஜப் பூட்டோடு நின்றது. பூட்டு திறந்திருந்தது. சாவி தொலைந்துவிட்டதாம்.

தன் தகவல் வெளியே போனதைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருப்பதாக வரவேற்புப் பெண்ணிடம் சொன்னார். அவள் புன்னகையோடு ஒரு திரையை அவர் பக்கம் திருப்பினாள். புகார் சொல்வதற்கு முதலில் தகவல் கொடுக்க வேண்டுமாம். பெயர், வயது, கைரேகை, புகார் தோன்றிய நாளில் இருந்து தூக்கம் எப்படி. கடைசிக் கேள்வியை நிரப்பி முடிக்கும் முன் ஒரு தூக்க மாத்திரைக் கம்பெனி கூப்பிட்டுவிட்டது.

நம்பிக்கைப் பிரிவின் தலைவர் என்று ஒருவர் உள்ளே அழைத்தார். மென்மையான மனிதர். கை குலுக்கினால் விடுவதில்லை.

"ஒண்ணு மட்டும் தெளிவா புரிஞ்சுக்குங்க சார்," என்றார். "உங்க தகவலை நாங்க கண்டவங்களுக்கும் விக்கறதே இல்ல. நம்பிக்கையானவங்களோட பகிர்ந்துக்கறோம், அவ்வளவுதான். நம்பிக்கையானவங்கன்னு எப்படி முடிவு பண்றோம்னு கேப்பீங்க. பணத்தை முன்கூட்டியே கட்டறாங்க சார். நம்ம மேல நம்பிக்கை இல்லாதவன் கட்டுவானா?"

பூட்டு என்று போட்டிருக்கிறதே என்றார் லிஃப்ட்காரர்.

"பூட்டிதான் வெச்சிருக்கோம். உள்ள வந்த தகவல் இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட அழிஞ்சது கிடையாது. உங்க பேங்க்ல இப்படி ஒரு உத்தரவாதம் கொடுப்பாங்களா?"

லிஃப்ட்காரர் சான்றிதழை மேஜைமேல் வைத்தார். என் மனைவி இறந்துவிட்டாள், அவள் விவரத்தை எடுத்துவிடுங்கள், அவள் கேட்பதை அவளிடமே விட்டுவிடுங்கள் என்றார். தலைவர் சான்றிதழை மரியாதையாகப் படித்தார். பிறகு திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ஒருத்தர் தகவலை அழிக்கணும்னா அவங்களே வந்து கேக்கணும் சார். இல்லைன்னா யார் வேணும்னாலும் வந்து யாரை வேணும்னாலும் அழிச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் பாதுகாப்புங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அதுவும் போக, இந்தச் சான்றிதழ் போன வருஷத்து. எங்ககிட்ட இருக்கறது நேத்து வரைக்கும் உள்ள நிலவரம். அம்மா எல்லா அழைப்புக்கும் பதில் சொல்லியிருக்காங்க. பச்சைப் புடவை பிடிக்கும்னு போன வாரம் சொல்லியிருக்காங்க. உண்மையைச் சொன்னா, எங்க வாடிக்கையாளர்கள்லயே இவ்வளவு ஈடுபாட்டோட இருக்கறவங்க குறைவு."

"அதெல்லாம் நான் சொன்னதுங்க."

"அவங்களுக்காக யார் சொன்னாலும் அவங்க சொன்னதாத்தான் அர்த்தம். விதிமுறைலயே இருக்கு."

லிஃப்ட்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்து போவதற்கு அவருக்கு வீடு இருந்தது, வீட்டில் ஆள் இல்லை. தலைவருக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். சான்றிதழை ஓர் இயந்திரத்துக்குள் செருகினார். அது படித்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அது இறப்புச் சான்றிதழ் என்பது மட்டும். பெயரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?

"இந்தக் கணக்குல ஒருத்தர் காலமாயிட்டார்னு போட்டுடறேன்," என்றார் தலைவர். "கணக்கு யார் பேர்ல?"

"என் பேர்லதான்."

"நல்லது. இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது." எழுந்து வந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நிற்கிறாரே என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியது. அதோடு விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து ஃபோன் ஓய்ந்தது. மெத்தை இல்லை, கப்பல் இல்லை, சரிபார்ப்புப் பெண் இல்லை, ஷூ கழற்றும் நேரத்துக் குரலும் இல்லை. வீடு மறுபடி வெறும் வீடாயிற்று. சில நாள் இருந்து பார்த்துவிட்டு மகளுக்குச் சொன்னார். நிஜமாகவே நின்றுவிட்டதா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து, நேராகச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு லிஃப்ட்காரர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

ஃபோன் அடித்தது.

"வணக்கம் அம்மா," என்றது பதிவு செய்த குரல். "உங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்."

லிஃப்ட்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"அவர் ஆபத்து அதிகமுள்ள வாடிக்கையாளர். நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். இனி இந்தக் கணக்கின் தலைவர் நீங்கள். துணையின்றி வாழும் பெண்களுக்கான திட்டங்களை அறிய ஒன்றை அமுக்கவும். உங்கள் தகவலை நிரந்தரமாக அழிக்க விரும்பினால் ஒன்பதை அமுக்கவும்."

செத்தவர் ஒன்பதை அமுக்கினார்.

"உங்கள் பாதுகாப்புக்காக ஒரு கேள்வி. உங்கள் கணவர் வேலையிலிருந்து திரும்பியதும் நீங்கள் அவரிடம் கேட்பது என்ன? இப்போது பேசவும்."

அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அதை அவர் தன் வாயால் சொன்னதே கிடையாது. சொன்னால் அவள் அங்கிருந்து போய்விடுவாள். ரேடியோவும் பச்சைப் புடவையும் படியேறும் பாட்டும் எல்லாமும் போய்விடும். இனி எந்தக் குரலும், பொய்யாகக்கூட, அவளைப் பற்றி அவரிடம் கேட்காது. போகட்டும் என்று நினைத்தார். அவளை அங்கே கொண்டுபோய் விட்டது அவர். கூட்டிக்கொண்டு வர வேண்டியதும் அவர்தான்.

"இன்னைக்கு மேலயா," என்றார், "கீழயா?"

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மகள் யோசித்திருக்க மாட்டாள். கேட்டுக் கேட்டுப் பழகிய வீடு அது. "நடுவுல நிக்குதுப்பா," என்றாள்.

"சரியான விடை," என்றது ஃபோன். "உங்கள் தகவல்கள் அழிக்கப்பட்டன."

லிஃப்ட்காரர் கண்ணை மூடினார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மகள் ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"பின்னணியில் இன்னொரு குரல் கேட்டது," என்றது ஃபோன். "அவர் உங்களுக்கு என்ன உறவு?"

லிஃப்ட்காரர் சட்டென்று விரலை உதட்டில் வைத்து மகளைப் பார்த்தார். அவள் அப்படியே நின்றாள். அவளுக்கு அவருடைய மூக்கு. சிரிப்பு அம்மாவுடையது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்பது அவருக்குத் தெரியும், எதற்குப் பயப்படுவாள் என்பதும் தெரியும். கேட்டால் சாயங்காலம் முழுக்கச் சொல்லலாம்.

"யாரும் இல்லீங்க," என்றார். "இந்த வீட்ல யாருமே இல்ல."

ஃபோனை அணைத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். மகள் டீ போட்டுப் பெரிய கப்பில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள். மேஜை நடுவில் ஃபோன் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தபடி, வாயே திறக்காமல், டீயைக் குடித்து முடித்தார்கள்.